வாசகர் கேள்வி-பதில்: பிரேக் பேடை மாற்றுவதா, பிரேக் ஆயிலை மாற்றுவதா?

சொந்தக் காரின் பிரேக்கைக் கூடுதல் திறனுள்ளதாக மாற்றுவது பற்றி இம்முறை பல கடிதங்கள் வந்துள்ளன. அவை அனைத்தும் பந்தயத் தடத்துக்குப் போகாத, ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் அவ்வப்போது மலையிலும் ஓடும் கார்களைப் பற்றியவை என்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாக ஒரு சிறிய பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். முன்சக்கரங்களுக்கு டிஸ்க், பின்சக்கரங்களுக்கு டிரம். அண்மையில் குடும்பத்தார் ஐவருடன் குன்னூரிலிருந்து இறங்கும்போது, பர்லியாறைத் தாண்டியதும் கருகிய வாடை அடித்தது. சிறிது நேரத்தில் பிரேக் பெடல் பஞ்சை மிதிப்பதுபோல ஆழமாக இறங்கியது. வண்டியை ஓரங்கட்டி அரைமணி நேரம் காத்திருந்தபின் பெடல் பழையபடி ஆகிவிட்டது. 'பெர்பார்மன்ஸ் பேட்' மாட்டி, ரேஸ் காருக்கான பிரேக் ஆயிலும் ஊற்றிவிட்டால் கவலை இல்லை என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். செலவு பெரிதாக இருக்கிறது. செய்யலாமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இப்போதைக்கு அந்த இரண்டுமே வேண்டாம். உங்கள் காருக்கு உடனடியாகத் தேவைப்படுவது சீல் பிரிக்காத புட்டியிலிருந்து ஊற்றிய புதிய டாட் 4 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை) பிரேக் ஆயிலும், பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரை ஒருமுறை கழற்றிப் பார்ப்பதும்தான். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மலை இறக்கத்தில் பிரேக் கைவிடுவது இரண்டு வகைப்படும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான பொருளுக்குப் பணம் செலவழிக்கிறார்கள். முதல் வகையில் பெடல் வழக்கம்போலக் கெட்டியாகவே இருக்கும். எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி மட்டும் நிற்காது. பேடில் உள்ள பொருள்களைப் பிணைத்து வைத்திருக்கும் பிசின், 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் சிதையத் தொடங்கி வாயுவை வெளிவிடுவதால், டிஸ்க்குக்கும் பேடுக்கும் இடையிலான உராய்வு குறைந்துவிடுகிறது. இது பேடின் குறை. இரண்டாம் வகையில் பெடலே கீழே போய்விடும். காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம் என்பதால், நீங்கள் மிதிக்கும் மிதி குமிழிகளைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடுகிறது. சூடு தணிந்ததும் ஆவி மீண்டும் திரவமாகிவிடும்; பெடலும் ஒன்றும் நடக்காததுபோல மேலே வந்துவிடும். உங்கள் கடிதத்தில் உள்ள அறிகுறி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கருகிய வாடை பேடும் நன்றாகச் சூடேறியதைக் காட்டுகிறது என்றாலும், பெடலை இறக்கியது ஆயில்தான்.

குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் வரும்போது சுமார் 1,500 மீட்டர் இறங்கியிருப்பீர்கள். ஆட்களும் சாமான்களும் சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 19 மெகாஜூல், அதாவது மின்கட்டணக் கணக்கில் ஐந்து யூனிட்டுக்குச் சற்று மேல். மெதுவாக இறங்கும் வண்டியில் டயர் உருளும் தடையும் காற்றுத் தடையும் இதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொண்டாலும், மீதி முழுவதையும் எஞ்சினோ பிரேக்கோதான் வாங்கிக்கொள்ள வேண்டும். வண்டியை நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டுமே நம்பினால், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 25 முறை முழுமையாக நிறுத்துவதற்கு ஈடான வெப்பத்தை நான்கு சக்கரங்களும் ஒரு மணி நேரத்துக்குள் வெளியேற்றியாக வேண்டும். அதுவும் காற்று வேகமாக அடித்துக் குளிர்விக்காத குறைந்த வேகத்தில். மலைப்பாதையில் இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லி நீலகிரியில் வளைவுக்கு வளைவு பலகை வைத்திருப்பதன் காரணம் இதுதான். நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். இன்றைய பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின், கியரில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது எரிபொருளை முற்றிலும் நிறுத்திவிடுகிறது; நியூட்ரலில்தான் அணையாமல் ஓடுவதற்கென்று பெட்ரோலைக் குடிக்கிறது. எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது இதைவிடப் பெரிய ஆபத்து: பிரேக்குக்கு உதவும் வெற்றிட பூஸ்டரில் எஞ்சியிருக்கும் வெற்றிடம் சில மிதிகளுக்குள் தீர்ந்துவிடும்.

இனி ஆயிலுக்கு வருவோம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. பிரேக் ஆயில் டேங்கின் மூடி வழியாகவும் ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகிறது. ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்குகிறது. இதற்காகவே தர அளவுகோலில் இரண்டு எண்கள் உள்ளன. புதிய ஆயிலின் கொதிநிலை டாட் 3-க்குக் குறைந்தது 205 டிகிரி, டாட் 4-க்கு 230 டிகிரி, டாட் 5.1-க்கு 260 டிகிரி இருக்க வேண்டும். ஆயிலில் சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் இவை முறையே 140, 155, 180 டிகிரியாகச் சரிந்துவிடுகின்றன. புட்டியின் முன்பக்கத்தில் பெரிதாக அச்சிடப்படுவது முதல் எண். சாலையில் ஓடும் காருக்கு உண்மையில் பொருந்துவது, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் இரண்டாம் எண். வாங்குவோர் பெரும்பாலும் அதைப் பார்ப்பதே இல்லை. ரேஸ் ஆயில்களின் புதுக் கொதிநிலை 300 டிகிரிக்கு மேல் இருப்பது உண்மைதான். ஆனால் அவற்றை ஊற்றுபவர்கள் ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் மாற்றிவிடக் கூடியவர்கள். ஒன்பது ஆண்டு பழைய காரில் ஊற்றி மூன்று ஆண்டுகள் மறந்துவிடப் போகும் நமக்கு அந்த 300 டிகிரி முதல் சில மாதங்களுக்கு மட்டுமே பயன்படும்.

எனவே உங்கள் காரின் பிரேக் ஆயில் டேங்க் மூடியில் டாட் 3 என்று இருந்தால் டாட் 4 ஊற்றலாம். டாட் 4 என்று இருந்தால் அதையே ஊற்றிக்கொள்ளுங்கள். அடுத்து, காலிப்பரின் ஸ்லைடு பின்கள் கையால் தள்ளினால் நகர்கின்றனவா, பேடைத் தள்ளும் பிஸ்டன் தடையில்லாமல் உள்ளே போகிறதா, டிரம்முக்குள் லைனிங் எவ்வளவு மீதி இருக்கிறது, வீல் சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்பவற்றைப் பாருங்கள். ஸ்லைடு பின் இறுகிப் பிடித்துக்கொண்டால், நீங்கள் காலை எடுத்தபிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். எந்த விலையுயர்ந்த பேடும் அதிலிருந்து காப்பாற்றாது. உட்புறப் பேடும் வெளிப்புறப் பேடும் ஒரே அளவில் தேய்ந்திருக்கவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், ஸ்லைடு பின்தான் காரணம். அதிகச் சூடு பட்ட அந்தப் பேடுகளின் முகம் கண்ணாடிபோல் பளபளத்திருந்தால் நிறுவனத்தின் அசல் பேடையே புதிதாக மாட்டிவிடுங்கள். இவ்வளவையும் செய்து, இரண்டாம் கியரில் இறங்கியும் மீண்டும் அதே நிலை ஏற்பட்டால், அப்போது கூடுதல் திறனுள்ள பேடைப் பற்றி யோசிக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீண்ட இறக்கம் முடிந்து வண்டியை நிறுத்தியபின், காற்றோட்டம் நின்றுவிடுவதால், டிஸ்க்கிலும் பேடிலும் தேங்கிய வெப்பம் காலிப்பருக்குள் பரவி, ஓடும்போது கொதிக்காத ஆயில் நின்றபின் கொதிப்பதும் உண்டு. தேநீர் குடித்துவிட்டு வண்டியை எடுக்கும்போது, நகர்த்துவதற்கு முன் பெடலை ஒருமுறை மிதித்துப் பாருங்கள். அது கீழே போனால் கிளம்ப வேண்டாம்.

கேள்வி: நான் அடிக்கடி ஏற்காடு செல்பவன், கொஞ்சம் விரைவாக ஓட்டும் பழக்கமும் உண்டு. நிறுவனப் பேடைவிடச் சிறந்ததாகப் போட விரும்புகிறேன். ஆர்கானிக், செமி மெட்டாலிக், செராமிக் என்று மூன்று சொல்கிறார்கள். பேடின் ஓரத்தில் எஃப் எஃப், ஜி ஜி என்று அச்சிட்டிருப்பதன் பொருள் என்ன? ஜி ஜி வாங்கினால் வண்டி சீக்கிரம் நிற்குமா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: எழுத்துகளிலிருந்து தொடங்குவோம். இது அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த குறியீடு. முதல் எழுத்து, ஏறத்தாழ 93 முதல் 204 டிகிரி செல்சியஸ் வரையிலான வழக்கமான சூட்டில் அந்தப் பேடின் உராய்வு எண். இரண்டாம் எழுத்து, 343 டிகிரி வரை சூடேற்றிச் சோதித்தபோது கிடைத்த உராய்வு எண். இ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. எனவே எஃப் இ என்று இருந்தால் அந்தப் பேட் சூடேறும்போது பிடியை இழக்கிறது. எஃப் எஃப் என்றால் சூட்டிலும் அதே வரம்புக்குள் நிற்கிறது. மலையில் ஓட்டும் உங்களுக்கு இரண்டாம் எழுத்து முதலாவதைவிடத் தாழ்ந்திருக்கக் கூடாது என்பதே முதல் விதி.

அதற்கு மேல் இந்தக் குறியீட்டை நம்ப வேண்டாம். ஓர் அங்குலச் சதுரத் துண்டு ஒன்றை ஆய்வுக்கூட இயந்திரத்தில் உரசிப் பெற்ற எண் அது. 0.36 உள்ள பேடும் 0.44 உள்ள பேடும் ஒரே எழுத்தைத்தான் பெறும். தேய்மானம், சத்தம், டிஸ்க்குக்கு ஏற்படும் சேதம், கால் அழுத்தத்துக்கு ஏற்பப் பிடி கூடும் நயம் ஆகிய எதையும் அது சொல்வதில்லை.

ஜி ஜி போட்டால் வண்டி சீக்கிரம் நிற்குமா என்றால், பெரும்பாலும் நிற்காது. வண்டியை இறுதியில் நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடிதான். காலியான நேர்ச்சாலையில் இப்போதைய பேடோடு முழுப் பலத்துடன் மிதிக்கும்போதே, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். துடிக்கிறது என்றால், பிரேக் தன்னால் இயன்ற அளவுக்கு டயரை ஏற்கெனவே பிடித்துவிட்டது. உராய்வு கூடிய பேட் அதே இடத்துக்குக் குறைந்த மிதியில் கொண்டுபோகுமே தவிர, நிற்கும் தூரத்தைக் குறைக்காது. அந்தப் பணத்துக்கு நல்ல டயர் வாங்குவது அதிகப் பலன் தரும். முன்பக்கம் மட்டும் அதிகப் பிடியுள்ள பேடைப் போட்டுப் பின்னால் பழைய டிரம் லைனிங்கையே விட்டுவைத்தால், முன்பின் பிரேக் சமநிலையும் நிறுவனம் கணக்கிட்டு வைத்ததிலிருந்து மாறிவிடும். முன்சக்கரங்கள் முன்னதாகவே பூட்டிக்கொள்ளத் தலைப்படும், பின்சக்கரங்கள் தம் பங்கைச் செய்யாமலே இருக்கும்.

ஆகவே கூடுதல் திறனுள்ள பேடில் நாம் தேட வேண்டியது, பத்தாவது வளைவில் இருந்த பிடியை இருபதாவது வளைவிலும் தரும் நிலைத்தன்மையை. ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை நிதானமாக இறங்குபவருக்கு நிறுவனப் பேடே போதும். விரைவாக ஓட்டுவதாக நீங்களே ஒப்புக்கொள்வதால், சாலைப் பயன்பாட்டுக்கென்றே தயாரான நல்ல தரப் பேடுக்கு மாறுவதில் அர்த்தம் இருக்கிறது.

வகைகளில், ஆர்கானிக் பேட் மென்மையானது. சத்தம் குறைவு, டிஸ்க்கைத் தின்னாது, காலையில் முதல் மிதியிலேயே பிடிக்கும். தொடர்ந்து சூடேறினால் முதலில் தளர்வதும் அதுதான். செராமிக் பேடில் தூசி குறைவு, அலாய் வீல் கறுக்காது, சத்தமும் அரிது. நகர ஓட்டத்துக்கும் மிதமான மலை ஓட்டத்துக்கும் நல்ல தேர்வு. செமி மெட்டாலிக் பேடில் எஃகு நார், இரும்புத் தூள் போன்ற உலோகங்கள் பெரும் பங்கு வகிக்கின்றன. அதிகச் சூட்டைத் தாங்கும். விலையாகக் கொஞ்சம் சத்தத்தையும் கருந்தூசியையும் டிஸ்க் தேய்மானத்தையும் கொடுக்க வேண்டும்.

ஆனால் கடைகளில் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. உலோகம் வெப்பத்தைக் கடத்தும். செமி மெட்டாலிக் பேட், தான் வாங்கிய சூட்டைப் பின்தகடு வழியாகப் பிஸ்டனுக்கும், அங்கிருந்து ஆயிலுக்கும் ஆர்கானிக் பேடைவிட எளிதாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பழைய, ஈரம் ஏறிய ஆயிலை அப்படியே விட்டுவிட்டு இந்தப் பேடை மட்டும் மாட்டுபவர், பேடின் குறையைத் தீர்த்து ஆயிலின் குறையை வரவழைத்துக்கொள்கிறார். கோவை வாசகருக்கு முதலில் ஆயிலை மாற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். நீங்கள் பேடை மாற்றும் அதே நாளில் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். உங்கள் ஓட்டத்துக்கு டாட் 5.1 கூட வீண்செலவு ஆகாது.

பந்தயப் பேடை மட்டும் எக்காரணம் கொண்டும் சாலைக் காருக்கு வாங்க வேண்டாம். நன்றாகச் சூடேறிய பின்புதான் அது முழுதாகப் பிடிக்கும். மழை நாளில் காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் ஒரு குழந்தை குறுக்கே ஓடும்போது உங்கள் பேட் குளிர்ந்துதான் இருக்கும்.

கேள்வி: டாட் 3, 4 என்று எண் கூடக் கூடத் தரம் கூடுகிறது என்றால், டாட் 5 ஊற்றலாமே? அது ஈரத்தை உறிஞ்சாது என்றும் படித்தேன்.
— ஒரு வாசகி, சென்னை

பதில்: ஊற்றக் கூடாது. டாட் 3, 4, 5.1 ஆகிய மூன்றும் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தவை, ஒன்றோடொன்று கலக்கும். டாட் 5 மட்டும் சிலிக்கோன், மற்றவற்றோடு கலக்காது. அது ஈரத்தை உறிஞ்சாது என்பது உண்மைதான். ஆனால் எப்படியோ உள்ளே போய்விட்ட நீர் ஆயிலில் கரையாமல் தனித் துளியாகத் தாழ்வான இடத்தில், பெரும்பாலும் காலிப்பரில், தங்கி நின்று 100 டிகிரியிலேயே கொதிக்கும், இரும்பையும் அரிக்கும். சிலிக்கோனில் நுண்ணிய காற்றுக் குமிழிகள் எளிதில் தங்கிப் பெடலை மென்மையாக்குவதால், ஏ.பி.எஸ். உள்ள கார்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது. 5-க்கும் 5.1-க்கும் இடையில் இருக்கும் அந்த ஒரு புள்ளியைக் கவனித்து வாங்குங்கள். டாட் 5 பெரும்பாலும் ஊதா நிறச் சாயத்தோடு வரும்.

இன்னொன்றும் உண்டு. ஏ.பி.எஸ்.ஸும் வண்டி சறுக்காமல் காக்கும் ஈ.எஸ்.பி.யும் உள்ள சில புதிய கார்களுக்கு, கொதிநிலை மட்டுமின்றிக் குளிரிலும் இளகி ஓடும் தன்மையும் வேண்டும் என்பதற்காகக் குறைந்த பிசுபிசுப்புள்ள தனி டாட் 4 வகையை நிறுவனம் குறிப்பிட்டிருக்கும். அத்தகைய காரில், கொதிநிலை அதிகம் என்பதற்காக மட்டும் பிசுபிசுப்பான ரேஸ் ஆயிலை ஊற்றுவது முன்னேற்றம் ஆகாது. மேனுவலில் உள்ளதைப் பின்பற்றுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு சர்வீஸிலும் மெக்கானிக் பிரேக் ஆயிலை 'டாப் அப்' செய்துவிடுகிறார். நிறமும் பெரிதாக மாறவில்லை. அப்படியிருக்க முழுதாக மாற்றத்தான் வேண்டுமா? வீட்டிலேயே செய்ய முடியுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: முழுதாக மாற்றத்தான் வேண்டும், ஐயா. டேங்கில் மேலாக ஊற்றும் புதிய ஆயில், சக்கரத்தருகே காலிப்பரில் தேங்கியிருக்கும் பழைய ஆயிலைப் போய்ச் சேர்வதே இல்லை. சூடு பிடிப்பதோ அங்கேதான். நிறத்தை வைத்து ஈரத்தைக் கண்டறியவும் இயலாது. ஓட்டிய தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல வழக்கம். ஈரம் கிலோமீட்டர் பார்த்து ஏறுவதில்லை. பேனாபோன்ற மின்கடத்துச் சோதனைக் கருவியால் சில கடைகளில் பார்த்துச் சொல்கிறார்கள். அது 'மாற்றுங்கள்' என்று சொன்னால் நம்பலாம், 'நன்றாக இருக்கிறது' என்று சொன்னால் நான் முழுதாக நம்பமாட்டேன். ஆயிலைக் கொஞ்சம் எடுத்து உண்மையாகவே கொதிக்கவைத்துப் பார்க்கும் கருவியின் விடைதான் உறுதியானது.

உங்கள் கேள்வியில் என்னை அதைவிடவும் உறுத்துவது, ஒவ்வொரு முறையும் ஆயில் குறைகிறது என்பது. பிரேக் ஆயில் செலவாகும் பொருள் அன்று. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே நகர்வதால் மட்டம் சற்றே இறங்கும். அது பேடைப் பாருங்கள் என்பதற்கான குறிப்பு. அதற்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. மட்டத்தை நிரப்பி நிரப்பி வைத்தால் இந்த இரண்டு எச்சரிக்கைகளும் மறைந்துபோகும். பிறகு புதுப் பேட் மாட்டப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டேங்க் வழிந்து பெயிண்ட்டையும் கெடுக்கும். வழிந்த இடத்தை உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும்.

மாற்றும் வேலை அறிந்தவர் ஒருவரும் பெடல் மிதிக்க ஒருவரும் இருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடியதுதான். பொதுவாக, பெடலின் மிதியை ஆயிலின் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில், நம் நாட்டுக் கார்களில் பின் இடது சக்கரத்தில், தொடங்குவார்கள். பிரேக் குழாய்கள் குறுக்காகப் பிரிக்கப்பட்ட கார்களில் வரிசை மாறுபடும் என்பதால் மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். டேங்க் ஒருபோதும் காலியாகிவிடக் கூடாது. பழைய கார் என்றால் பெடலைத் தரைவரை அழுத்தாமல் இருக்க அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள்: பல ஆண்டுகளாகப் பிஸ்டன் போகாத மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும், சீல் அதில் உரசிக் கிழிந்தால், ஆயில் மாற்றப் போய் மாஸ்டர் சிலிண்டரையே மாற்ற நேரிடும். ஏ.பி.எஸ். அலகுக்குள் காற்று புகுந்துவிட்டால் சில கார்களில் ஸ்கேனர் இணைத்துத்தான் வெளியேற்ற முடியும். திறந்து வைத்த புட்டியில் எஞ்சும் ஆயில் அலமாரியிலேயே ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அடுத்த ஆண்டுக்கென்று எடுத்துவைக்க வேண்டாம். எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் சீல்கள் உப்பிவிடும். புனலையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நல்ல நிறுவனத்தின் விலையுயர்ந்த பேட் மாட்டிய முதல் நாளிலிருந்தே பிடி குறைவாக இருக்கிறது, கீச்சென்ற சத்தமும் வருகிறது. ஏமாந்துவிட்டேனா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: அவசரப்பட வேண்டாம். புதுப் பேடின் முகமும் பழைய டிஸ்க்கின் முகமும் இன்னும் ஒன்றோடொன்று படியவில்லை. பேட் நன்றாகப் பிடிப்பதற்கு, அதன் பொருள் டிஸ்க்கின் மேல் மெல்லிய, சீரான படலமாகப் படிந்திருக்க வேண்டும். போக்குவரத்து இல்லாத சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 20 வரை மிதமான மிதியில் வேகத்தைக் குறையுங்கள். அரை நிமிடம் ஓட்டி ஆறவிட்டு மீண்டும் செய்யுங்கள். இப்படி இருபது முறை செய்தபின் பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டிக் குளிரவிடுங்கள். இடையில் சூடான பிரேக்கை அழுத்திக்கொண்டு முழுதாக நிற்க வேண்டாம். நின்ற இடத்தில் மட்டும் படலம் தடித்துப்போய், பிறகு மிதிக்கும்போதெல்லாம் பெடல் அதிரும். 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்று சொல்லி மாற்றப்படும் டிஸ்க்குகளில் பலவற்றின் உண்மையான குறை இப்படிச் சீரற்றுப் படிந்த படலமே. தயாரிப்பாளர் பெட்டியில் வேறு முறை குறிப்பிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

சத்தம் இதற்குப் பிறகும் நீடித்தால், பேடின் பின்னால் வரும் ஷிம் தகட்டையும் கிளிப்புகளையும் மாட்டாமல் விட்டார்களா என்று பாருங்கள். பழைய கிளிப்பே போதும் என்று புதியதைப் பெட்டியிலேயே விட்டுவிடுவது பரவலாக நடக்கிறது. ஸ்லைடு பின்னுக்கு அதற்கான சிலிக்கோன் கிரீஸ் மட்டும். பேடின் முகத்தில் எந்த கிரீஸும் படக் கூடாது. டிஸ்க்கில் பொறித்துள்ள குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே தேய்ந்திருந்தால் பேடைக் குறை சொல்லிப் பயனில்லை, டிஸ்க்கை மாற்றுங்கள். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்க வாய்ப்புண்டு. இல்லாவிட்டாலும் அந்தத் தூசி நுரையீரலுக்கு உகந்ததன்று.

கேள்வி: பின் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் ஆக்கிக்கொள்ளலாமா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர், முன்பின் அழுத்தப் பகிர்வு, கைபிரேக், ஏ.பி.எஸ். கணக்கீடு ஆகிய அனைத்தும் டிரம்மை வைத்தே வகுக்கப்பட்டவை. சிறிய காரில் பின்சக்கரங்களின் பங்கு குறைவு என்பதால், இந்தச் செலவுக்கும் ஆபத்துக்கும் ஈடான பயன் கிடைக்காது. டிரம்மைத் திறந்து சுத்தம் செய்து, லைனிங்கைச் சரியான இடைவெளியில் அட்ஜஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பல கார்களில் பெடல் ஒரு விரற்கடை உயர்ந்துவிடும்.

கேள்வி: கடையில் ஒரே பேட் மூன்று விலையில் கிடைக்கிறது. போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?
— ஒரு வாசகி, கரூர்

பதில்: பெட்டியை மட்டும் பார்த்து உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது; வாங்கும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். கார் நிறுவனத்தின் உதிரிபாகக் கடையிலோ, பேட் தயாரிப்பாளர் தமது பட்டியலில் வெளியிட்டிருக்கும் விநியோகஸ்தரிடமோ பில்லுடன் வாங்குங்கள். வெகுதூரம் தேட வேண்டிய அவசியமும் இல்லை. சென்னையின் பாடியும் அம்பத்தூரும் பல பத்தாண்டுகளாக பிரேக் தொழிலின் இருப்பிடங்கள். பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், ரானே பிரேக் லைனிங் ஆகியவை அங்கே வளர்ந்த நிறுவனங்கள்தாம். கார் நிறுவனங்களுக்கே பிரேக் பாகங்கள் கொடுக்கும் தயாரிப்பாளர், அதே தொழிற்சாலையிலிருந்து தமது சொந்தப் பெயரில் கடைக்கு அனுப்பும் பேட், கார் நிறுவனத்தின் முத்திரையோடு வருவதைவிட விலை குறைவாக இருப்பது இயல்பு. அதைப் பார்த்து ஐயப்பட வேண்டாம். அதிலும் பாதி விலைக்கு வருவதைத்தான் தொடக் கூடாது.

கையில் எடுத்துப் பார்க்கும்போது, பின்தகட்டில் தயாரிப்பாளர் பெயரும் தொகுதி எண்ணும் உராய்வுக் குறியீடும் தெளிவாக அச்சிடப்பட்டிருக்க வேண்டும். உராய்வுப் பொருளுக்கும் தகட்டுக்கும் இடையே நகம் நுழையும் இடைவெளிகூட இருக்கக் கூடாது. ஐரோப்பியத் தயாரிப்பு என்றால், வட்டத்துக்குள் ஓர் ஆங்கில 'இ' எழுத்தும், அருகே 90 என்ற விதி எண்ணும் இருக்கும். மாற்றுப் பேடின் செயல்திறன் அசல் பேடிலிருந்து கூடியோ குறைந்தோ 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது அந்த விதியின் சாரம். கூடுதலாகப் பிடிப்பதற்கும் வரம்பு வைத்திருப்பதைச் சேலம் வாசகரும் கவனிக்கலாம். ஆயில் புட்டியில் மூடிக்கு அடியில் உள்ள அலுமினியத் தகடு கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். உலோக டின்னிலிருந்து அளந்து ஊற்றித் தருவதாகச் சொன்னால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். அந்த டின் எப்போது திறக்கப்பட்டது என்பது கடைக்காரருக்கே நினைவிருக்காது.